தனி ஆளுக்கு ஒரு வாள்

கடைக்கு வருகிறவர்கள் முதலில் என்னைத் தாண்டித்தான் பார்ப்பார்கள், பின்னால் யாராவது ஓர் ஆம்பிளை நிற்கிறானா என்று. மரவேலை இயந்திரம் விற்கிற கடையில் ஒரு பெண் இருந்தால் அவள் பில் எழுதத்தான் இருக்கிறாள் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். "முதலாளி இல்லையோ தங்கச்சி?" என்பார்கள். முதலாளி என் அண்ணன். அவர் மாதத்தில் பாதி நாள் சரக்கு எடுக்கக் கொழும்பில் நிற்பார். மிச்சப் பாதி நாளும் மரம் அறுக்கிற எந்த வாளுக்கு எந்தத் தகடு பொருந்தும் என்று என்னைத்தான் கேட்பார். அதை வருகிறவர்களுக்குச் சொல்லி என்ன பயன்? "நாளைக்கு வாறன்" என்று போய்விடுவார்கள்.

அன்று வந்தவர் என்னைத் தாண்டிப் பார்க்கவில்லை. நெடிய, மெலிந்த மனிதர். கக்கத்தில் ஆசுப்பத்திரி கிளினிக் கொப்பி, சட்டைப் பையில் ஓர் அளவு நாடாவும் கூர் சீவிய பென்சிலும். நேராக என்னிடம் வந்து, கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நின்ற மேசை வாள்களைக் காட்டி, "பிள்ளை, உதுகளிலை எதை ஒராள் தனிய நிண்டு பாவிக்கலாம்?" என்று கேட்டார்.

விலை கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மோட்டார் எத்தனை குதிரை வலு, எந்த நாட்டுச் சாமான் என்று கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியை எவரும் கேட்டதில்லை. தச்சுப் பட்டறை என்றால் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். ஒருவர் பலகையைத் தள்ளுவார், மற்றவர் அந்தப் பக்கத்தில் வாங்குவார். அப்படித்தான் எல்லா இடத்திலும் வேலை நடக்கிறது.

"ஏன் ஐயா, உதவிக்கு ஒருத்தரும் இல்லையோ?" என்றேன். எனக்கு நாக்கு கொஞ்சம் முந்தும்.

"இருக்கினம். ஆனால் ஏன் அவையளுக்குக் கரைச்சல்?" என்றார்.

அன்று தொடங்கிப் பதினொரு மாதம் அவர் வாள் தெரிந்தெடுத்தார். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதத்தில் ஒரு நாள் கிளினிக். அது முடிந்ததும் சண்டிலிப்பாய்க்குப் பஸ் ஏற முதல் எங்கள் கடை. எங்களிடம் மூன்று வகை இருந்தன. சின்னது, கால் மடக்கி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறது. நடுத்தரம், மோட்டார் பின்பக்கம் தொங்கிக்கொண்டிருப்பது. பெரியது, முழு உடம்பும் மூடின இரும்புப் பெட்டி, மோட்டார் உள்ளே, மேலே வார்ப்பிரும்புத் தட்டு. எங்களூர்த் தச்சர்கள் சின்னதைத்தான் கொண்டு போவார்கள். பெரியது ஒன்று எட்டு மாதமாக விலைப்படாமல் நின்றது. அண்ணன் அதன் மேல் கணக்குக் கொப்பியை வைத்து எழுதிப் பழகியிருந்தார்.

இவர் மூன்றையும் ஓடவிட்டுப் பார்த்தார். ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை எடுத்து, ஓடுகிற வாளின் தட்டில் விளிம்பிலே நிறுத்தினார். சின்னதில் குற்றி உடனே துள்ளி விழுந்தது. நடுத்தரத்தில் ஊர்ந்துபோய் விழுந்தது. பெரியதில் அசையாமல் நின்றது. அவர் இரண்டு நிமிடம் அந்தக் குற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே போன இரண்டு பேர்கூட எட்டிப் பார்த்தார்கள். சரி, இன்றைக்கு வியாபாரம் முடிந்தது என்று நான் பில் புத்தகத்தை எடுத்தேன். அவர் குற்றியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "சந்தோசம் பிள்ளை, போட்டு வாறன்" என்றார்.

அடுத்த மாதம் புதுக் கேள்வி. மரம் தகட்டில் இறுகினால் திருப்பி அடிக்குமே, அடித்தால்? தகட்டுக்குப் பின்னால் நிற்கிற தடுப்பைக் காட்டினேன். வெட்டின வாய் மூடாமல் அது பிரித்துப் பிடிக்கும் என்றேன். அதற்கடுத்த மாதம், இரண்டு கையும் பலகையில் இருக்கும்போது எப்படி நிறுத்துவது? பெரிய வாளின் சிவப்பு நிறுத்தியை முழங்காலால் தட்டலாம் என்றேன். அவர் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு ஏழெட்டுத் தரம் முழங்காலால் தட்டிப் பார்த்தார். பிறகு, பலகையின் மறுமுனை கீழே விழாமல் யார் பிடிப்பது? உருளை வைத்த தாங்கி இருக்கிறது, அது பிடிக்கும். ஒவ்வொரு விடையையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வார். அரசாங்கத்தில் படம் கீறுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுத்து அச்சுப் போல இருக்கும்.

எனக்கு எரிச்சல் வந்த மாதங்களும் உண்டு. ஒரு நாள் கேட்டேவிட்டேன்: "ஐயா, நீங்கள் வாள் வாங்க வாறியளோ, என்னோடை கதைக்க வாறியளோ?"

அவர் முகம் சுருங்கிப் போனது. "உங்களுக்கு வேலை மினக்கெடுது என்ன?" என்று எழும்பினார். நான்தான் ஓடிப்போய்க் கதிரையை இழுத்துப்போட்டு இருத்தினேன். எனக்கும் அரியாலையில் வீட்டுக்குப் போனால் கதைக்க ஆள் கிடையாது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் விசயத்தைச் சொன்னார். மனைவி கனடாவில் இருக்கிறார். மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ஆறு மாதத்துக்கென்று போனவர். பிறகு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பிறகு மகள் வேலைக்குப் போக வேண்டி வந்தது. பிறகு மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. ஏழு வருடம் ஆகிவிட்டது. போன வருடம் போனில் கதைத்தபோது மனைவி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்: "அந்தக் குசினியிலை இனி என்னாலை ஏலாது. குந்தியிருந்து தேங்காய் திருவவோ, குனிஞ்சு அடுப்பு ஊதவோ என்ரை கால் விடாது."

"அவ வரமாட்டன் எண்டு சொல்லேல்லை, பிள்ளை," என்றார். "குசினியிலை ஏலாது எண்டுதான் சொன்னவ. அப்ப குசினியை மாத்தினால் சரிதானே?"

அவருக்கு வேண்டியது நின்றபடி சமைக்கிற குசினி. கீழே கதவு போட்ட கபேட், மேலே நீளத் தட்டு, எல்லாம் கைக்கு எட்டுகிற உயரத்தில். இப்போது கட்டுகிற வீடுகளில் பான்றி என்று சொல்லிச் செய்கிறார்களே, அது. தச்சரைப் பிடித்தால் ஒரு மாதத்தில் முடித்துத் தருவார், அதற்கு இந்தப் பெரிய வாள் எதற்கு என்று கேட்டேன். தலையை ஆட்டினார். தச்சர் வந்தால் அவருக்கு நேரத்துக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும், வராத நாளில் போன் எடுத்து அவரைக் கரைச்சல்படுத்த வேண்டும், பிழை விட்டால் பிழை என்று சொல்ல வேண்டும். அது எல்லாம் தன்னால் ஏலாது என்றார்.

அவருடைய வாழ்க்கையே அப்படித்தான் இருந்தது. கண்ணில் வெண்புரை எடுத்த பிறகு சொட்டு மருந்து விட ஆள் வேண்டுமே, அதற்கு மூக்கின் மேல் பொருந்துகிற மாதிரி ஒரு மரக்கூடு செய்து வைத்திருந்தார். போத்தலை அதில் குத்தி நிறுத்தினால் சொட்டு நேராகக் கண்ணில் விழும். கடைக் கதிரையில் தலையைச் சாய்த்து எனக்குச் செய்தே காட்டினார். முதுகுக்கு எண்ணெய் பூச நீளக் கைபிடி வைத்த ஒரு சாமான். சமையல் நாளுக்கு ஒரு நேரம், அரைச் சுண்டு அரிசி. காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய சாமான்களின் பட்டியல் ஒன்று எழுதி வைத்திருக்கிறாராம். சொல்லும்போது அவருக்குப் பெருமையாக இருந்தது.

பதினோராம் மாதம் பெரியதை வாங்கினார். அதை இறக்க நாலு பேர் வேண்டும் என்று எங்கள் ஆட்களை லொறியில் ஏற்றினேன். நானும் போனேன். கார் விட்ட கொட்டகையைப் பட்டறை ஆக்கியிருந்தார். கூரையில் இரும்பு வளை போட்டு, சங்கிலிக் கப்பி தொங்கவிட்டிருந்தார். எங்கள் ஆட்கள் லொறியைப் பின்னுக்கு எடுத்துக் கொடுத்ததோடு சரி. அவர் கொக்கியை மாட்டி, சங்கிலியை இழுத்து, அவ்வளவு பாரத்தையும் அங்குலம் அங்குலமாக இறக்கித் தரையில் கீறியிருந்த கோட்டின் மேல் வைத்தார். நாலு ஆம்பிளைகளும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். பிறகு தேத்தண்ணி தர உள்ளே போனவர் வர நேரமாயிற்று. எட்டிப் பார்த்தேன். வெளியே இருந்தது ஒரு கோப்பைதான். மற்றக் கோப்பைகள் ஒரு பெட்டியில், ஒவ்வொன்றாகப் பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தன. அவர் நிலத்தில் குந்தியிருந்து தாள் பிரித்துக்கொண்டிருந்தார்.

பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் சீலைத் துண்டும் ஒரு குச்சியும் தொங்கின. பக்கத்தில் ஓட்டோக்காரரின் போன் இலக்கம், தூரத்தில் நின்றாலும் தெரியக்கூடிய பெரிய எழுத்தில்.

"இது என்ன ஐயா?"

"கை கிய் பட்டுதெண்டால் இரத்தம் நிப்பாட்டக் கட்டுறதுக்கு. ஒரு கையாலை கட்டிப் பழகிப்போட்டன். வலக்கையாலையும் பழகினனான், இடக்கையாலையும் பழகினனான். எந்தக் கை மிஞ்சும் எண்டு தெரியாதுதானே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழியெல்லாம் அந்தச் சீலைத் துண்டுதான் கண்ணுக்குள் நின்றது. இப்படி ஒரு வாளை இந்த மனிதருக்கு விற்றது சரியா என்று லொறிக்குள் இருந்து என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

கையில் ஒன்றும் படவில்லை. எட்டு அடிப் பலகைகளைத் தனியாகவே வெட்டினார். மாதா மாதம் வந்து கணக்குச் சொல்வார். கீழ்க் கபேட் முடிந்தது, இனி இழுப்பறை. இழுப்பறை முடிந்தது, இனிக் கதவு. தட்டின் உயரத்துக்குத்தான் அதிகம் யோசித்தார். மனைவி குட்டை. தன்னுடைய உயரத்துக்குச் செய்தால் அவருக்குத் தோள் நோகும். அதனால் வீடியோ அழைப்பு எடுத்து, மனைவியை அங்கே குசினியில் நேராக நிற்கச் சொல்லி, பேத்தியைக் கொண்டு தரையில் இருந்து முழங்கை வரை அளப்பித்தார். மூன்று தரம் அளந்து மூன்று தரமும் ஒரே அளவு வந்தது என்று சொன்னார். நாலு விரல் குறைத்துத் தட்டு வைத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு மனைவி வந்தார். வந்த முதற் கிழமையே என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

அந்தக் குசினியில் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். இழுப்பறைகள் சுண்டுவிரலால் தள்ள உள்ளே போயின. நின்றபடி தேங்காய் திருவ ஒரு திருவலையைத் தட்டின் விளிம்பில் பொருத்தியிருந்தார். உப்பும் புளியும் மிளகாய்த் தூளும் இடக்கை எட்டுகிற இடத்தில். அந்த அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. உருண்ட முகம், நிறையச் சிரிப்பு. ஆனால் வெட்டும்போது அவவின் தோள் இரண்டும் காதுக்குக் கிட்ட ஏறி ஏறி இறங்கின. நான் பார்த்தேன். வாசலில் நின்று அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சரும், தட்டு உயரமோ?" என்று கேட்டார்.

"இல்லை இல்லை, நல்ல வடிவாயிருக்கு."

அவர் நாடாவை எடுத்துக்கொண்டு வந்து அளந்தார். ஒன்றேகால் அங்குலம் பிழைத்தது. அவரால் நம்ப முடியவில்லை. கொப்பியைக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு மனைவியின் காலைப் பார்த்தார். "அண்டைக்கு அளக்கேக்கை காலிலை என்ன போட்டிருந்தனீர்?"

"சிலிப்பர்தான். அங்கை வீட்டுக்குள்ளை வெறுங்காலோடை நிக்கேலுமே? விறைச்சுப்போம்."

நல்ல தடித்த, பஞ்சு வைத்த சிலிப்பராம். இங்கே குசினிக்குள் யார் செருப்புப் போடுவார்கள்? அளக்கச் சொன்னவர் இந்தத் தரையை நினைத்துக்கொண்டு கேட்டார். அளந்தவர் அந்தத் தரையில் நின்றுகொண்டு சொன்னார். புதுச் சிலிப்பர் ஒன்று வாங்கி இங்கேயும் போட்டால் என்ன என்று நான் ஒரு யோசனை சொன்னேன். "குசினிக்கையோ? சாமிப்படம் இருக்குது பிள்ளை," என்று அந்த அம்மா காதைப் பொத்தாத குறை.

அவர் கீரை பிடுங்க வளவுக்குப் போன நேரம், அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தா.

"எனக்கு ஆறு கிழமைக்குத்தான் ரிக்கெற்," என்றா. "அது அவருக்கும் தெரியும். நான் வெளிக்கிடக் கன நாளைக்கு முதலே சொன்னனான். 'ஓம் ஓம், பிள்ளையளுக்குக் கரைச்சல் இல்லாமல் திரும்பிப் போம்' எண்டார். அதுக்குப் பிறகும் இருந்து இவ்வளவும் செய்திருக்கிறார்." தட்டைக் கையால் தடவினா. "ஏழு வருசத்திலை ஒருக்கால், ஒரே ஒருக்கால், 'நீர் வாரும்' எண்டு இந்த மனுசன் வாய் திறந்து கேட்கேல்லை. நான் போன் எடுக்கிற நேரமெல்லாம், எனக்கொரு குறையுமில்லை, எல்லாம் நானே பாக்கிறன் எண்டுதான் சொல்லுவார். அங்கை நான் இல்லாட்டில் பேரப்பிள்ளையள் பள்ளிக்கூடத்தாலை வந்து பூட்டின கதவைப் பாத்துக்கொண்டு நிக்குங்கள். இஞ்சை நான் இல்லாட்டில் என்ன ஓடாமல் நிக்குது, சொல்லு பாப்பம்? எனக்கு ஒரு வேலையும் அவர் மிச்சம் வைக்கேல்லை."

"நீங்கள் கேட்கலாமே அம்மா, நிக்கட்டோ எண்டு?"

"அதை நான் கேட்கிறதோ?" என்றா. கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டா. வளவுக் கதவு சத்தம் கேட்டதும் கத்தியை எடுத்து மறுபடி வெட்டத் தொடங்கினா, தோளை ஏற்றி ஏற்றி.

அடுத்த கிழமை அவர் எல்லாக் கபேட்டுகளையும் வெளியே இழுத்து, அடியில் வைத்த சட்டங்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒன்றேகால் அங்குலம் வெட்டி, திரும்பப் பொருத்தினார். ஆறு கிழமையில் ஒரு கிழமை அதில் போயிற்று. அதைச் சொல்லவே ஒரு நாள் கிளினிக் இல்லாமலும் கடைக்கு வந்தார்.

"மறுமுனையை அவ பிடிச்சவ," என்றார். என் காதில் விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, "நீளச் சட்டங்கள். எல்லாத்துக்கும் மறுமுனையை அவதான் பிடிச்சவ," என்று மறுபடி சொன்னார். உருளைத் தாங்கி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

அந்த அம்மா சொன்ன நாளில் போய்விட்டா.

அதற்குப் பிறகு வந்த கிளினிக் நாளில் அவர் வந்தபோது முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். கதிரையில் இருக்கவே கஷ்டப்பட்டார். தட்டு இப்போது அவருடைய உயரத்துக்கு மிகவும் தாழ்வு. அரைச் சுண்டு அரிசி அரிக்கவும் குனிய வேண்டும், ஒரு கறிமிளகாய் வெட்டவும் குனிய வேண்டும்.

"திரும்ப உயர்த்துங்கோவன் ஐயா. உங்களுக்கு அது ஒரு நாள் வேலை."

"இருக்கட்டும்."

"இனி எப்ப வருவா?"

"சொல்லேல்லை. நானும் கேட்கேல்லை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணன் கல்லாவில் இருக்கிறார், இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்பதும் மறந்து போனது. "உங்களுக்கு வாய் இல்லையோ ஐயா? பதினொரு மாதம் ஒரு வாளைப் பற்றி என்னட்டை எத்தினை கேள்வி கேட்டனீங்கள்! அந்த அம்மாவிட்டை ஒரு சொல்லு, 'நில்லும்' எண்டு ஒரு சொல்லுக் கேட்க உங்களுக்கு ஏலாமல் போச்சோ? அவ அதுக்குத்தான் பாத்துக்கொண்டு நிண்டவ. எனக்குத் தெரியும். எனக்குச் சொன்னவ."

அவர் கோபிக்கவில்லை. கிளினிக் கொப்பியை மடியில் வைத்து அதன் மூலையை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியும் பிள்ளை," என்றார். "கேட்டிருந்தால் நிண்டிருப்பா. அங்கை மகள் வேலையை விட்டிருப்பாள். பிள்ளையள் ஏங்கியிருக்குங்கள். அவ இஞ்சை நிண்டு சமைச்சுக்கொண்டு, நாள் முழுக்க அந்தப் போனைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பா. அதுக்குப் பயந்துதான் கேட்கேல்லை."

சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழும்பினார். முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்பக் கஷ்டப்பட்டதைப் பார்த்து நான் கையை நீட்டினேன். கதிரையின் கையைப் பிடித்து அவரே எழும்பினார். படி இறங்கி, தெருவைக் கடந்து, பஸ் நிற்கிற பக்கம் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நீட்டின கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.